பின் ஸ்பீக்கர் பேசவில்லை

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் என் மகளிடம் ஒரு பொய் சொன்னேன். போனில்தான். நேரில் என்றால் வாயில் வந்திருக்காது.

அவள் சினிமாவுக்குச் சத்தம் சேர்க்கிற வேலை பார்க்கிறாள். கதவு மூடுவது, ஆள் நடப்பது, மழை கொட்டுவது எல்லாம் படம் எடுக்கும்போதே பதிவாகிவிடும் என்றுதான் நானும் ரொம்ப வருஷம் நினைத்திருந்தேன். இல்லையாம். பாதிக்கு மேல் பிறகு உட்கார்ந்து சேர்ப்பதாம். இதற்கெல்லாம் ஒரு ஆளா, அதற்கு ஒரு படிப்பா என்று அவளிடம் நேராகவே கேட்டிருக்கிறேன். அதன் பிறகு இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. எட்டு வருஷம் யார் யாருக்கோ கையாளாக இருந்துவிட்டு, இப்போதுதான் ஒரு முழுப் படத்தை அவள் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். இன்னும் வெளியே வராத அந்தப் படத்தை எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அனுப்பியிருந்தாள்.

"ரெண்டு ஸ்பீக்கர்ல கேட்டா என் வேலை பாதிதான்பா தெரியும்" என்று முன்பே சொல்லியிருந்தாள். அதற்காகவே ஆறு ஸ்பீக்கர் வாங்கினேன். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, மூலையில் தரையில் உட்கார்ந்து உறுமுகிற பெட்டி ஒன்று. மாட்டிக் கொடுக்க ஆள் அனுப்புகிறேன் என்றான் கடைக்காரன். வேண்டாம் என்றேன். வருகிற ஆள் வேலையையா பார்ப்பான், வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று நோட்டம் விடுவான். முப்பத்தெட்டு வருஷம் குழாய் வேலை பார்த்தவனுக்கு வயர் இழுக்க வராதா? இரண்டடிக்கு ஒரு கிளாம்ப் அடித்து, மூலையில் ஒடிக்காமல் வளைத்து, தண்ணீர்க் குழாய் போடுகிற மாதிரியே சுவரோரமாகக் கொண்டுபோனேன்.

படத்தைக் கால்மணி நேரம் பார்த்தேன். முன்னால் பேச்சு கேட்டது. பின்னால் இரண்டும் வாயே திறக்கவில்லை. அணைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து போன் வந்தது.

"பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன்."

"பின்னாடியிருந்து வர்ற சத்தம் கேட்டுச்சா? அதுக்குத்தான் நாலு மாசம் உக்காந்தேன்."

கேட்கவில்லை என்று சொன்னால், இந்தத் தடவையும் அப்பா காது கொடுக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வாள். ஸ்பீக்கர் மேல் பழி போடுகிறேன் என்பாள்.

"கேட்டுச்சு. அருமை" என்றேன்.

என் வாயிலிருந்து அந்த வார்த்தை அவளுக்கு வந்ததே கிடையாது.

"அப்ப ஞாயித்துக்கிழமை வரேன்பா. உங்ககூட உக்காந்து ஒருதடவை பாக்கணும். அடுத்த வியாழக்கிழமை படத்தைக் குடுத்துடுவோம். அதுக்கப்புறம் ஒண்ணும் மாத்த முடியாது."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். என் மனைவி கதவு நிலையில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்தக் கேட்டீங்க?"

"நீ உன் வேலையப் பாரு."

"அவ வந்து உக்காந்ததும் தெரிஞ்சுடும். அப்ப மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுப்பீங்கன்னு பாக்கறேன்."

சொன்னது சரிதான். கையில் நாலு நாள் இருந்தது.

தண்ணீர் வரவில்லை என்று கூப்பிடுகிற வீட்டில் நான் முதலில் மொட்டைமாடித் தொட்டியைப் போய்ப் பார்க்க மாட்டேன். குழாய் வாயிலிருந்து ஆரம்பிப்பேன். அங்கேயிருந்து ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கிப் போவேன். எந்த இணைப்பில் தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்தால் வேலை முடிந்தது. இதையும் அப்படித்தான் பார்த்தேன்.

மனைவியைச் சோபாவுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தேன். எங்களிடம் ஒரு ரெக்கார்டர் பெட்டி இருக்கிறது. டிவியில் ஓடுவதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உள் அறையில் இருக்கிற கம்ப்யூட்டரிலிருந்து படத்தை வயர் வழியாக வாங்கியும் ஓட்டும். அதில் பிடித்துவைத்த பழைய கால்பந்து ஆட்டம் ஒன்றைப் போட்டேன்.

"வருதா?"

"காதுகிட்ட ஆயிரம் பேர் கத்தறான். அணைங்க."

ஆக வயரில் கோளாறில்லை. என் கைவேலையில் குற்றமில்லை. அந்தமட்டில் நிம்மதி. அடுத்து அதே பெட்டியில் டிஸ்க் போட்டு ஒரு படம்.

"வருதா?"

"குதிரை ஓடுது. எனக்குப் பின்னாலதான் ஓடுது. நான் எந்திரிக்கலாமா?"

அடுத்து, கம்ப்யூட்டரிலிருந்து மகளின் படம்.

"வருதா?"

பதிலே இல்லை. எழுந்து போய்ப் பார்த்தால், அவள் கன்னத்தில் கைவைத்தபடி தூங்கிப்போயிருந்தாள். அவ்வளவு அமைதி.

ரெக்கார்டரிலிருந்து ஸ்பீக்கர் வரைக்கும் எல்லாம் சரி. அதற்கு முன்னால் எங்கேயோ அடைப்பு. அதற்கு முன்னால் இருப்பது கம்ப்யூட்டர். அதை நான் தொடுவதில்லை. அதை வாங்கிவந்ததும், ரெக்கார்டரோடு பேசவைத்ததும் என் மச்சினன். மனைவிக்குத் தம்பி. அவனை நாங்கள் கையேடு என்றுதான் கூப்பிடுவோம். எந்தச் சாமான் வாங்கினாலும் கூடவரும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் உறையையே பிரிப்பான். அவன் கல்யாணத்துக்கு வந்த இஸ்திரிப்பெட்டி மூன்று வாரம் உறைக்குள்ளேயே கிடந்தது.

அவனைக் கூப்பிடுவதில் எனக்கு இஷ்டமில்லை. எங்கள் வீட்டில் ஒரு புதுக் கரண்டி வந்தால்கூட அன்று சாயந்திரத்துக்குள் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும். அதற்கு அவன் ஒருவன் போதும். வெள்ளிக்கிழமைவரை நானே முட்டி மோதிப் பார்த்தேன். ரெக்கார்டரை அணைத்துப் போட்டேன். வயரைப் பிடுங்கிச் சொருகினேன். தட்டியும் பார்த்தேன். அப்புறம் வேறு வழியில்லாமல் கூப்பிட்டேன்.

சனிக்கிழமை காலையில் ஒரு பை நிறையக் கையேடுகளோடு வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவன் நடு அறையில் நின்றான். விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணினான். ஆறில் வந்து நின்று என்னைப் பார்த்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல அத்தான். எண்ணிப் பாத்தேன்."

"எண்ணத்தான் கூப்பிட்டனா? உக்காரு."

உட்கார்ந்து ரெக்கார்டரின் கையேட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தான்.

"'பெட்டியை ஈரமான இடத்தில் வைக்கக் கூடாது.' வச்சிருக்கீங்களா?"

"நேரா சத்தம் இருக்கிற பக்கத்துக்குப் போடா."

"அப்படியெல்லாம் தாவக் கூடாது அத்தான். ஒண்ணுல இருந்துதான் ஒண்ணு வரும்."

"நாளைக்குக் காலையில அவ வந்துடுவா. நீ இந்த வேகத்துல போனா அவ ஓய்வு பெறுறப்பதான் சத்தம் வரும்."

"அக்கா, இவரு என்னைத் திட்டத்தான் கூப்பிட்டாரா?"

"அவரு திட்டறதுக்கு ஆள் கிடைக்காம நாலு நாளா என்னைத் திட்டிட்டு இருக்காரு. நீ வந்தது நல்லதாப் போச்சு" என்றாள் அவள் உள்ளேயிருந்து.

நான் என் வழியைச் சொன்னேன். குழாய் வாயிலிருந்து பின்னோக்கி. அவன் மூக்கைச் சுளித்தான். ஆனாலும் எழுந்து வந்து, ரெக்கார்டரிலிருந்து சத்தத்தை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற ஆம்ப்ளிஃபையர் முன்னால் குனிந்தான். அதன் முகத்தில் சின்ன எழுத்தில் என்னவோ மின்னும். எனக்கு அது தெரியாது, தெரிந்தாலும் கண் எட்டாது.

"ஆட்டத்தைப் போடுங்க."

போட்டேன்.

"ஆறுன்னு காட்டுது. இப்ப அவ படத்தைப் போடுங்க."

போட்டேன்.

"ரெண்டுன்னு காட்டுது அத்தான். இங்க வரும்போதே ரெண்டாத்தான் வருது. ஆம்ப்ளிஃபையர் பாவம், வந்ததைக் குடுக்குது."

அப்படியென்றால் வழியில் எங்கேயோ பெரிய குழாயைச் சின்னதாக்குகிற இணைப்பு ஒன்றை எவனோ மாட்டியிருக்கிறான். அடுத்த இணைப்பு ரெக்கார்டர். அதற்குள்ளே போய்ப் பார்த்தான். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருக்கிறதாம்: வந்த சத்தத்தை வந்தபடியே விடு, அல்லது இரண்டாக்கி விடு. எங்கள் பெட்டியில் வந்தபடியே விடு என்றுதான் இருந்தது. இங்கேயும் குற்றமில்லை.

"அப்ப கம்ப்யூட்டர்தான்" என்றேன்.

"அது நான் வச்சது அத்தான். அதுல தப்பு இருக்காது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. வா."

உள் அறைக்குப் போனோம். படத்தை ரெக்கார்டருக்கு அனுப்புகிற வேலையைச் செய்வது கம்ப்யூட்டருக்குள் ஒரு புரோகிராம். அவன் விளக்கினான். மகள் அனுப்பிய படத்தில் ஆறு சத்தமும் தனித்தனியாக இருக்கிறது. ஆனால் ஆறையும் மூட்டையாகக் கட்டியிருப்பது புதுமாதிரியான கட்டு. எங்கள் ரெக்கார்டர் பழசு. டிஸ்க்கில் வருகிற பழைய கட்டு அதற்குத் தெரியும், இது தெரியாது. அதனால் கம்ப்யூட்டர் நடுவழியிலேயே கட்டை அவிழ்த்து, ரெக்கார்டருக்குத் தெரிந்தமாதிரி வேறு கட்டாகக் கட்டி அனுப்புகிறது.

"அனுப்பட்டும். ஆறையும் கட்டி அனுப்பறதுக்கு என்ன கேடு?"

"அதான் பாக்கறேன்."

பார்த்தான். என்னென்னவோ பக்கங்களைத் திறந்து மூடினான். ஒரு பக்கத்தில் வந்து கையை எடுத்துவிட்டான்.

"என்ன?"

"இங்க கேக்குது அத்தான். 'கேட்கிற இடத்தில் எத்தனை ஸ்பீக்கர்?' ரெண்டுல டிக் போட்டிருக்கு. ரெண்டுன்னு சொன்னா, பேச்சையும் முன்பக்கத்தையும் சேத்து ரெண்டுல கட்டிட்டு, பின்னாடி இருக்கறதைத் தூக்கிப் போட்டுடும்."

"எந்த மடையன்டா அதுல டிக் போட்டது?"

"நான்தான்."

"உன்னை..."

"இருங்க. போன மாசம் எங்க வீட்லயிருந்தே உங்க கம்ப்யூட்டரைத் திறந்து இதை வச்சுக் குடுத்தேன்ல? அப்ப உங்களுக்குப் போன் பண்ணி, அத்தான், உங்க வீட்ல எத்தனை ஸ்பீக்கர்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

சொன்னது ஞாபகம் இருந்தது. ஸ்பீக்கர் வந்து இறங்கி இரண்டே நாள் ஆகியிருந்தது. இவன் எதற்கு எண்ணிக்கை கேட்கிறான், ஆறு என்றால் நாளைக்கே ஊர் முழுக்கப் பரப்புவான், ஆளுக்கு ஆள் கேட்பான் என்று நினைத்தேன். "ரெண்டு" என்று சொல்லிவிட்டேன். அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

"ரெண்டுன்னீங்க" என்றான் மச்சினன். "ரெண்டுதானான்னு மறுபடி கேட்டேன். ரெண்டுக்கு மேல எதுக்குடா, மனுஷனுக்கு ரெண்டு காதுதானேன்னு வேற சொன்னீங்க. இன்னிக்கு உள்ள நுழைஞ்சதும் எண்ணிப் பாத்தேன். சரி, அப்புறமா வாங்கியிருப்பாருன்னு நினைச்சேன்."

வாசலில் வந்து நின்ற என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"சிரி" என்றேன். "அக்காவும் தம்பியும் நல்லாச் சிரிங்க."

"முதல்ல கடைக்காரன் ஏமாத்திட்டான்னீங்க. அப்புறம் ரெக்கார்டர் பண்ணினவன் ஏமாத்திட்டான்னீங்க" என்றாள்.

"எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணி வச்சுக்க. டேய், அந்த டிக்கை மாத்து."

ஆறில் போட்டு, பழைய கட்டாகவே கட்டி அனுப்பு என்று வைத்தான். முன் அறைக்கு ஓடிவந்தோம். பின் ஸ்பீக்கர் அப்போதும் ஊமையாகவே இருந்தது. நான் வயரைப் பிடுங்கப் போனேன். அவன் அலட்டிக்கொள்ளவில்லை.

"ஓடிட்டிருக்கறதை நிறுத்திட்டு மறுபடி முதல்லயிருந்து ஓட்டணும் அத்தான். இது இன்னும் பழசுதான்."

அது எனக்குப் புரிந்தது. குழாயில் நிற்கிற பழைய தண்ணீர் வடிந்தால்தான் புதுசு வரும். நிறுத்தி மறுபடி போட்டேன். ஒரு தெரு. பெண் ஒருத்தி பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து வருகிறாள். என் இடது தோளுக்குப் பின்னால் சைக்கிள் மணி அடித்தது. மச்சினன் விலகி வழிவிட்டான். சத்தியமாக விட்டான்.

"ஆறுன்னு காட்டுது" என்றான், குனிந்து பார்த்துவிட்டு.

இரண்டு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தினேன். மீதியைப் பார்க்கலாம் என்று இருவரும் கெஞ்சினார்கள். முடியாது என்றேன். அவளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டியதை முன்னாலேயே தின்றுவைக்க எனக்கு மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மகள் வந்தாள். தோளில் எப்போதும் தொங்குகிற கறுப்புப் பை. உள்ளே வந்ததும் டிவியைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தாள்.

"வயர் யாருப்பா போட்டது?"

"ஏன், என்ன குறை?"

"எங்க ஸ்டுடியோலகூட இவ்வளவு நேரா நான் பாத்ததில்ல."

மச்சினன் கூப்பிடாமலேயே வந்திருந்தான். என்னைப் போட்டுக்கொடுத்துவிடுவானோ என்று ஒரு கண் அவன் மேலேயே வைத்திருந்தேன். நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்தோம். மகள் திரையைப் பார்க்கவே இல்லை. எங்கள் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. தனியாக இருக்கிற ஒரு பெண் பழைய கட்டடத்தில் வாடகைக்கு வருகிறாள். மேல்வீட்டில் யாரையும் அவள் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் குழாயைத் திறந்து மூடும்போதெல்லாம் இவள் வீட்டுப் பின்சுவரில் ஓடுகிற குழாய் தட்டும். அந்தத் தட்டலை வைத்தே மேலே யார் எப்போது எழுகிறார்கள், எப்போது படுக்கிறார்கள் என்று இவள் தெரிந்துகொள்வாள். குழாயைத் திரையில் இரண்டு மூன்று தடவை காட்டினார்கள். மற்றபடி அது நமக்குப் பின்னாலிருந்துதான் தட்டிக்கொண்டிருக்கும். முதல் தடவை தட்டியபோது என் மனைவி யாரோ வந்திருக்கிறார்கள் என்று எழுந்துவிட்டாள். மகளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

நான் சிரிக்கவில்லை. இரண்டாம் தடவை தட்டியது. மூன்றாம் தடவையும் தட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். குழந்தை நாலு மாசம் உட்கார்ந்த வேலை, வாயை மூடு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நான்காம் தடவைக்கு மேல் தாங்கவில்லை.

"நிறுத்து."

"என்னப்பா?"

"அது இரும்புக் குழாய்."

"எது?"

"படத்துல காட்டறது. கையகலத்துக்கு இரும்புக் குழாய், பச்சை பெயின்ட் அடிச்சது. நீ வச்சிருக்கிற சத்தம் பிளாஸ்டிக் குழாய்."

மச்சினன் "அத்தான்" என்று மெல்ல என் முழங்கையைப் பிடித்தான். தட்டிவிட்டேன்.

"பிளாஸ்டிக் டக் டக்குன்னு கிளாம்ப்புல போய் அடிக்கும், அவ்வளவுதான். அங்கேயே செத்துடும். இரும்பு அப்படியில்ல. ஒரே அடி, டொம்முனு. அப்புறம் குழாய் முழுக்க ஓடி, மேல்மாடி வரைக்கும் போய்த் தேயும். அவ அதைக் கேட்டுதானே மேல இருக்கறவங்களைத் தெரிஞ்சுக்கறா? அங்கேயே செத்துப்போற சத்தத்துல எதைத் தெரிஞ்சுக்குவா?"

மகள் ரிமோட்டை வாங்கிப் பின்னால் ஓட்டினாள். கேட்டாள். மறுபடி ஓட்டினாள். மூன்றாம் தடவை கண்ணை மூடிக் கேட்டாள்.

"என் வீட்டுக் குளியலறைக் குழாய்ல பதிவு பண்ணினது" என்றாள் மெதுவாக. "பதினஞ்சு பேர் கேட்டாங்க. டைரக்டர் கேட்டாரு. யாருமே சொல்லலை. யாருக்கும் தெரியாதுப்பா."

"குழாய் வேலை பாக்கறவன் சினிமாவுக்குப் போக மாட்டானா?"

அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் அவள் புருவம் ஏறியது.

"அப்ப செவ்வாய்க்கிழமை கேட்டேன்னு சொன்னீங்களே? முதல் தட்டல் பத்தாவது நிமிஷத்துல வருது. அப்பவே ஏன் சொல்லலை?"

என் மனைவி புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். மச்சினன் கூரையைப் பார்த்தான். இருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. நான் என்னையே காட்டிக்கொடுத்துவிட்டேன்.

"கேக்கலை. பின் ஸ்பீக்கர் வேலை செய்யலை. பொய் சொன்னேன்" என்றேன். பிறகு அந்த இரண்டு ஸ்பீக்கர் கதையையும் சொன்னேன். பாதியில் மச்சினன் பொறுக்கமாட்டாமல் உள்ளே புகுந்து மீதியைச் சொன்னான். என் குரலிலேயே சொல்லிக் காட்டினான்.

மகள் சிரிக்கவில்லை.

"அருமைன்னு நீங்க சொன்னதை அஞ்சு நாளா நினைச்சு நினைச்சு சந்தோஷப்பட்டேன்பா."

"தெரியும். அதனாலதான் இந்தப் பாடுபட்டு இதைச் சரிபண்ணினேன்."

"இப்ப சொன்னது?"

"இது நிஜம். மத்ததெல்லாம் சரியா வச்சிருக்க. அந்த சைக்கிள் வந்தப்ப உன் மாமன் விலகி நின்னான். குழாய் மட்டும்தான் தப்பு."

அவள் எழுந்தாள். கோபித்துக்கொண்டு கிளம்புகிறாள் என்றே நினைத்தேன். கறுப்புப் பையின் ஜிப்பைத் திறந்து, கைப்பிடி வைத்த ஒரு மைக்கையும் காதில் மாட்டுவதையும் வெளியே எடுத்தாள்.

"இரும்புக் குழாய் எங்கப்பா இருக்கும்? மேல் மாடிவரைக்கும் ஓடணும். இன்னிக்கே வேணும்."

எங்கே என்று யோசிக்கவே வேண்டியதில்லை. மூன்று தெரு தள்ளி ஒரு சலவைக்கூடம். ஐந்து மாடி. ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் எதுவும் ஓடாது. அதன் கீழ்த்தளத்திலிருந்து மேல்வரை போகிற குழாயை வருஷத்துக்கு ஒருதடவை நான்தான் பார்ப்பேன். காவல்காரன் என்னைக் கண்டால் ஏன் எதற்கு என்று கேட்காமல் சாவியைக் கொடுப்பான்.

"நானும் வரேன்" என்றான் மச்சினன்.

"வா. ஆனா அங்க வாயத் திறக்கக் கூடாது. மூச்சுகூட மெதுவா விடணும்" என்றாள் மகள். "அப்பா, உங்களுக்கும்தான்."

கீழ்த்தளத்தில் சோப்பும் ஈரத்துணியும் கலந்த வாடை. என் மனைவி மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். மகள் சுவரைத் தடவி, குழாயில் காதை வைத்துக் கேட்டு, ஒரு இடம் பிடித்து மைக்கை நீட்டினாள். ஒரு விரலை உயர்த்தினாள். நான் வால்வை ஒரே வெட்டாக மூடினேன். டொம் என்று ஒரு அடி. அது சுவரோடு ஏறி, ஒவ்வொரு மாடியாகத் தொட்டுக்கொண்டு போய், எங்கேயோ மேலே கரைந்தது. மச்சினன் கழுத்தை நிமிர்த்தி அது போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்குத் திருப்தி. அவளுக்கு இல்லை. கண்ணை மூடியபடியே மறுபடி விரலை உயர்த்தினாள்.

பதினோரு தடவை திறந்து மூடினேன். மணிக்கட்டு விட்டுப்போகும்போல இருந்தது. பன்னிரண்டாவதில்தான் கண்ணைத் திறந்து தலையாட்டினாள். பிறகு காதில் இருந்ததைக் கழற்றி என் தலையில் மாட்டி, பதிவானதை ஓடவிட்டு, சரியா, சொல்லுங்க என்பதுபோல இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எதிரே நின்றாள்.